கேள்விக்குறி இல்லாத முகவரி

கஜானன் எந்தப் புது யோசனையையும் பல் விளக்கும்போதுதான் யோசிப்பான். வாயைக் கொப்பளித்தானோ இல்லையோ, யாழ்ப்பாணத்துக்குப் போன் போட்டுவிடுவான். ரொறன்ரோவில் காலை ஏழரை என்றால் சண்டிலிப்பாயில் பின்னேரம் ஐந்து. அந்த நேரத்தில் உதயகலா கணினிக்கு முன்னால்தான் இருப்பாள் என்று அவனுக்குத் தெரியும். வேறெங்கே போகப் போகிறாள்?

"அக்கா, எங்கடை லிங்குகளைப் பாக்கவே வெக்கமாய்க் கிடக்கு. ஒருத்தரின்ரை மரண அறிவித்தலை வாட்ஸப்பிலை அனுப்பினால் கேள்விக்குறியும் சமன்குறியும் நம்பருமாய்ப் போய் நிக்குது. செத்த சனத்துக்கு நம்பர் குத்தி விட்ட மாதிரி."

"நாலு வருசமாய் அப்பிடித்தானே தம்பி கிடக்கு. ஆர் கேட்டது?"

"ஒருத்தரும் கேக்கேல்லை. நான்தான் கேக்கிறன். பேரும் ஊரும் தெரியிற மாதிரி மாத்தி விடுங்கோ. பாத்தவுடனை வாசிக்கக்கூடியதாய் இருக்கோணும்."

கஜானன் அவளுடைய சித்தியின் மகன். மரண அறிவித்தல் இணையத்தளம் ஒன்றைக் கனடாவில் இருந்துகொண்டு நடத்துகிறான். நடத்துகிறான் என்பது பேச்சுக்கு. படத்தை வெட்டி ஒட்டுவது, பிறந்த ஊரையும் வாழ்ந்த ஊரையும் பெறாமக்கள் மருமக்கள் பெயர்களையும் பிழையில்லாமல் தட்டுவது, தளம் படுத்தால் எழுப்பிவிடுவது, அனுதாபச் செய்திகளைப் பார்த்து வெளியிடுவது எல்லாம் உதயகலா. கனடாவில் நேரே கொடுக்கிற நினைவஞ்சலிகளை மட்டும் அவனுடைய ஆட்கள் அங்கிருந்தே ஏற்றுவார்கள். ஆனால் அவன் சொன்னதில் பிழையில்லை. அந்த முகவரி அவலட்சணம்தான். யாருக்காவது அதை வாயால் சொல்லிப் பாருங்கள்: நோட்டீஸ், புள்ளி, பி எச் பி, கேள்விக்குறி, ஐடி, சமன், இரண்டாயிரத்து நூற்று எழுபத்தாறு. சொல்லி முடிப்பதற்குள் கேட்கிறவர் போனை வைத்துவிடுவார்.

உதயகலாவுக்கு வயது நாற்பத்து மூன்று. அண்ணன்மார் இரண்டு பேரும் சுவிசில். ஞாயிற்றுக்கிழமைகளில் மாறி மாறி எடுப்பார்கள். எட்டு நிமிடம், கூடிப்போனால் பத்து. அப்பா சண்முகநாதன் போய் மூன்று வருடம். ஐந்து அறை வீட்டில் அவள் புழங்குவது ஒன்றரை அறைதான். மற்ற அறைகளை வெள்ளிக்கிழமைகளில் திறந்து கூட்டிவிட்டுப் பூட்டுவாள். சில நாள்களில் காலையிலிருந்து வாயைத் திறந்து ஒரு சொல் பேசியிருக்க மாட்டாள். போன் வந்து "ஹலோ" சொல்லும்போது குரல் கரகரக்கும். அட, இவ்வளவு நேரமாய் நான் ஒன்றும் கதைக்கவில்லையா என்று அவளுக்கே திக்கென்றிருக்கும்.

ஆனாலும் அவளுக்கு ஒவ்வொரு நாளும் ஒரு கடிதம் வரும். அவளுக்கு எழுதியதல்ல. அவள் வாசிக்கிற கடிதம், அவ்வளவுதான்.

அது 2176ஆம் அறிவித்தல். பிலிப்பு எமில்ராஜ், குருநகர். வயது முப்பத்தொன்று. பிரான்சில் வேலை செய்த இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவன் எழும்பவில்லை. தகப்பனுக்கு விசாக் கிடைக்கவில்லை. கூட்டாளிமார் சேர்ந்து அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். ஒவ்வொரு அறிவித்தலுக்குக் கீழும் அனுதாபம் எழுத ஒரு பெட்டி இருக்கிறது. எமில்ராஜுக்கு முதல் கிழமை நாற்பது பேர் எழுதினார்கள். அடுத்த கிழமை இரண்டு பேர். பிறகு ஒருவரும் இல்லை என்று அவள் நினைத்திருந்தபோது, ஒரு பின்னேரம் ஆறேகாலுக்கு இப்படி ஒன்று வந்தது.

"எமில், அப்பா வந்திருக்கிறன். இஞ்சை சேமக்காலையிலை எங்கடை ஆக்கள் எல்லாரும் பக்கத்திலை பக்கத்திலை கிடக்கினம். நீதான் ராசா தூரத்திலை தனியக் கிடக்கிறாய். அதுதான் ஒருக்கா எட்டிப் பாத்திட்டுப் போவமெண்டு."

அனுப்பியவர் பெயர்: பிலிப்பு.

இது அனுதாபமா? இல்லை. வெளியிட்டால் ஊர் உலகமெல்லாம் வாசிக்கும். அழிக்க அவளுக்குக் கை வரவில்லை. நிலுவை என்ற இடத்தில் போட்டு வைத்தாள். அடுத்த நாளும் வந்தது. அதற்கு அடுத்த நாளும். குருநகர்க் கோயிலில் ஆறு மணிச் செபத்துக்குத் திருந்தாதி மணி அடித்து முடிய, மனுசன் போனை எடுப்பார் போல.

"இண்டைக்குக் காத்து. ஒருத்தரும் தொழிலுக்குப் போகேல்லை. சிமியோன் கடுதாசிக் கட்டோடை வந்து விளையாடக் கூப்பிட்டவன். நான் போகேல்லை. நீ தனியக் கிடக்க நான் என்னெண்டு விளையாடுறது?"

"ஓரா மீன் நல்லாய்ப் பட்டது. கொம்மா வைக்கிற மாதிரிப் புளி கூட விட்டு வைச்சுப் பாத்தன். சரிவரேல்லை. அவ இருந்திருந்தால் என்னைப் பேசிப்போட்டுத் தானே வைச்சிருப்பா."

"போன் கடலுக்கை விழுந்து புதுப்போன் வாங்கினது. லிங்கு துலைஞ்சு போச்சு. நல்ல காலம், முதலே சுவரிலை எழுதி வைச்சனான். இப்ப அதைப் பாத்து எழுத்தெழுத்தாய்க் குத்தித்தான் வாறன். கடைசி 2176 மட்டும் பாக்காமலே வரும்."

எழுதி அனுப்பினால் திரையில் ஒரு வரி தானாக வரும்: நன்றி, உங்கள் செய்தி கிடைத்தது, பார்வையிட்ட பின் வெளியிடப்படும். அதை எழுதி வைத்தவளும் உதயகலாதான். ஏன் என்னுடையதை வெளியிடவில்லை என்று பிலிப்பு ஒரு நாளும் கேட்டதில்லை. கிடைத்தது என்பதே அவருக்குப் போதுமாக இருந்ததோ என்னவோ.

நானூறுக்கு மேல் சேர்ந்துவிட்டது. ஆறு மணியானால் அவள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து மேசையில் இருப்பாள். ஓரா பட்டது என்று அவர் எழுதினால், அடுத்த நாள் காலை மோட்டார் சைக்கிளில் ஹோர்ன் அடித்துக்கொண்டு வரும் மீன்காரனிடம் ஓரா கேட்பாள். அப்பா போன பிறகு அந்த அடுப்பில் மீன் ஏறியதே இவரால்தான். இதை வெளியே யாரிடமாவது சொன்னால் விசர் என்பார்கள். யாரிடம் சொல்வது? சொல்வதற்கும் ஓர் ஆள் வேண்டுமே.

அதனால்தான் கஜானன் முகவரிகளை மாற்றச் சொன்னதும் அவள் முதலில் நினைத்தது அந்தச் சுவரைத்தான்.

"தம்பி, பழைய நம்பரோடை வாற ஆக்களையும் புது இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் விடோணும். இல்லாட்டில் பழைய லிங்கெல்லாம் செத்துப் போயிடும்."

"பழசை ஆர் அக்கா பாக்கப் போயினம்? கண்டறியாத வேலை. புதுசுகளை மட்டும் செய்யுங்கோ."

"இல்லைத் தம்பி. நான் எல்லாத்துக்கும் செய்யிறன்."

அவள் அப்படி மறுத்துச் சொல்கிறவள் அல்ல. கஜானன் "ஓம், ஓம், உங்கடை விருப்பம்" என்றான்.

வேலை அவளுக்குப் பிடித்த வேலை. புது முகவரி என்னவாக இருக்க வேண்டும்? தமிழில் போட்டால் பார்க்க அழகுதான். ஆனால் வாட்ஸப்பில் ஒட்டும்போது எழுத்தெல்லாம் சதவீதக் குறியாய் உடைந்து முழ நீளத்துக்கு நிற்கும். ஆகவே ஆங்கில எழுத்து. முதலில் ஊர், பிறகு பெயர். அப்படிப் போட்டுப் பார்த்தாள். சண்டிலிப்பாயில் மட்டும் ஏழு சண்முகநாதன் வந்து நின்றார்கள். அவளுடைய அப்பாவும் அதில் ஒருவர். சரி, தகப்பன் பெயரையும் சேர்ப்போம். கந்தையா சண்முகநாதன், சண்டிலிப்பாய். மூவாயிரத்துச் சொச்சம் அறிவித்தல்களிலும் ஓடவிட்டுப் பார்த்தாள். ஒன்றோடு ஒன்று முட்டவில்லை.

வருடத்தையும் சேர்க்கலாமா என்று யோசித்தாள். எதற்கு? ஒரே ஊர், ஒரே தகப்பன், ஒரே பெயர் என்றால் அது ஒரே ஆள்தானே. எந்தத் தகப்பனாவது இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே பெயரை வைப்பானா? வருடம் இல்லாமலே விட்டாள். முகவரி கச்சிதமாய் இருந்தது.

பழைய நம்பரைத் தட்டினால் புது முகவரிக்குத் திருப்பிவிடும் விதியை எழுதி முடித்ததும் அவள் முதல் முதல் தட்டிப் பார்த்தது 2176ஐத்தான். கேள்விக்குறி மறைந்தது. குருநகர், பிலிப்பு எமில்ராஜ் என்று மேலே வந்தது. கீழே அந்தச் சிரித்த முகம், நீலச் சட்டை. பின்னேரம் ஆறேகாலுக்குக் கடிதமும் வந்தது. வாசல் மாறியது பிலிப்புக்குத் தெரியவே இல்லை. அன்றிரவு உதயகலா நிம்மதியாகத் தூங்கினாள்.

மூன்று கிழமை ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை கடிதம் வரவில்லை.

ஏதாவது அலுவலாய் இருக்கும் என்று நினைத்தாள். புதன்கிழமையும் வரவில்லை. வியாழனும் இல்லை. அவளுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. மனுசனுக்கு என்னவோ நடந்துவிட்டது. தனிய இருக்கிற மனுசன், விழுந்து கிடந்தாலும் யார் பார்ப்பது? அறிவித்தலின் அடியில், தொடர்புகளுக்கு என்ற இடத்தில், அவருடைய நம்பர் இருந்தது. நாலு தரம் அதை வாசித்தாள். எடுத்து என்ன சொல்வது? நானூறு நாளாய் உங்கள் கடிதங்களைத் திருட்டுத்தனமாய் வாசித்தவள் என்றா?

வெள்ளிக்கிழமை பின்னேரம் சேவரின் பதிவேட்டைத் திறந்தாள். தளத்துக்கு யார் எந்த முகவரியில் எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று வரி வரியாய் எழுதிக்கொண்டே போகும் பதிவேடு அது. செவ்வாய் ஆறு பதினொன்று: 2176. புதன் ஆறு பத்து: 2176. வியாழனும் அப்படியே. கடவுளே, மனுசன் வந்திருக்கிறார்! ஒவ்வொரு நாளும் வந்திருக்கிறார். வந்து பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் நின்றுவிட்டு, ஒன்றும் எழுதாமல் திரும்பிப் போயிருக்கிறார்.

உதயகலா 2176ஐத் தட்டினாள். முகவரி சரியாகத்தான் மாறியது. குருநகர், பிலிப்பு எமில்ராஜ். கீழே இறங்கினாள்.

நீலச் சட்டை இல்லை. கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு கிழவர். காது பெரிய, கன்னம் ஒட்டிய கிழவர், வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பொத்தானையும் பூட்டிக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தார். இருபதாம் ஆண்டு நினைவஞ்சலி. அமரர் பிலிப்பு எமில்ராஜ், குருநகர். அன்பு மகன் பிலிப்பு, அன்பு மகள் ஸ்ரெல்லா, கனடா.

அவளுக்கு விளங்க ஒரு நிமிடம் பிடித்தது. விளங்கியதும் நெற்றியில் அடித்துக்கொண்டாள். சண்டிலிப்பாயில் பிள்ளைக்குப் பெயர் வைப்பதென்றால் சாத்திரியாரிடம் எழுத்துக் கேட்டு, எண் கூட்டிப் பார்த்து, ஊரில் இல்லாத பெயராய்த் தேடிப் பிடிப்பார்கள். இந்தக் குடும்பத்திலோ அப்பப்பாவின் பெயர் பேரப்பிள்ளைக்கு. பிலிப்பின் மகன் எமில்ராஜ், எமில்ராஜின் மகன் பிலிப்பு, அந்தப் பிலிப்பின் மகன் மறுபடியும் எமில்ராஜ். ஒரு தகப்பன் ஒரே பெயரை இரண்டு பிள்ளைகளுக்கு வைக்க மாட்டான் என்று பெரிய கெட்டிக்காரி மாதிரி யோசித்தாளே, ஒரு தலைமுறை தள்ளி வரும் என்று யோசித்தாளா? கனடாவில் ஸ்ரெல்லா கொடுத்த நினைவஞ்சலியைக் கஜானனின் ஆட்கள் திங்கட்கிழமை ஏற்றியிருக்கிறார்கள். ஒரே முகவரிக்கு இரண்டு பேர் வந்தால் பிந்தி வந்தவரைக் காட்டு என்று தளம் நினைத்துக்கொண்டது. அப்படி நினைக்க வைத்தவளும் அவள்தான்.

ஒரு தகப்பன் ஆசையாய்ப் பிள்ளையைப் பார்க்க வந்து, பிள்ளையின் இடத்தில் வேறு முகத்தைக் கண்டுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். ஒரு நாள் அல்ல, மூன்று நாள். அவளுக்கு அழுகை வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினாள். பெயர் முட்டினால் வருடத்தைச் சேர் என்று நாலு வரி எழுத வேண்டும். அரை மணி நேர வேலை. கிழவருக்கு அவர் இறந்த வருடம், மகனுக்கு மகனுடைய வருடம். எழுதி முடித்து, சரி பார்த்து, சேமிக்கப் போகிற நேரம் திரையின் மேல் மூலையில் விழுந்தது: புதியவை, 1.

நேரம் ஆறு இருபது. கடிதம் கிழவரின் அறிவித்தலுக்குக் கீழே வந்திருந்தது. அனுப்பியவர் பிலிப்பு.

"எமில், மூண்டு நாளாய் எழுதேல்லை எண்டு கோவியாதை. செவ்வாய்க்கிழமை உன்ரை வாசலைத் திறந்தால் என்ரை ஐயா நிக்கிறார், உன்ரை அப்பப்பா. பிழையாய் அடிச்சிட்டன் எண்டு சுவரைப் பாத்துப் பாத்துத் திரும்பவும் அடிச்சன். திரும்பவும் ஐயாதான். நீ ஒருத்தன் இருந்ததே பொய் மாதிரிப் போச்சு எண்டு முதல் நாள் இருந்து அழுதனான்.

"இது கொம்பியூட்டர் பிழை எண்டு எனக்குத் தெரியும் ராசா. நான் விசரன் இல்லை. எண்டாலும் இருந்து யோசிச்சுப் பாத்தன். ஐயா உன்னைக் காணேல்லை. நீ பிறக்க ரெண்டு வரியத்துக்கு முதலே கண்ணுக்குப் பூ விழுந்து போச்சு அவருக்கு. உன்னைத் தடவிப் பாத்துத்தான் 'என்ரை பேர் வந்திட்டுது' எண்டு சொன்னவர். இப்ப உன்னட்டை வந்து நிக்கிறார். கண்ணையும் நல்லாய் முழிச்சுக்கொண்டு நிக்கிறார்.

"நீ தனியக் கிடக்கிறாய் எண்டுதானே நான் ஒவ்வொரு நாளும் வந்தனான். இனிப் பயமில்லை. ஐயா பாத்துக்கொள்ளுவார். நான் இனி உன்ரை ஆண்டு நினைவுக்கு வாறன். போட்டு வாறன் அப்பு."

உதயகலா அதை மூன்று தரம் வாசித்தாள். சேமிக்கிற பொத்தானின் மேல் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அழுத்தினால் என்ன நடக்கும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கிழவர் தன்னுடைய வாசலுக்குப் போய்விடுவார். 2176இல் மகன் மறுபடியும் தனியே நிற்பான். அதை ஒரு நாள் பிலிப்பு காண்பார். கண்டால் விடுவாரா? அடுத்த நாளே ஆறேகாலுக்கு வருவார். காற்று, மீன், புளி கூடிய குழம்பு, எல்லாம் திரும்பி வரும். அவளுக்கு அது வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொன்னால், சோற்றை விட அவளுக்கு அது வேண்டும். செய்ய வேண்டியதெல்லாம் பிழையைத் திருத்துவதுதான். எவர் வந்து அதைப் பிழை என்று சொல்ல முடியும்?

தேத்தண்ணி ஆறிப் போகும்வரை இருந்தாள். பிறகு தான் எழுதியதை ஊருக்கெல்லாம் சரி என்று விட்டுவிட்டு, இந்த ஒரு முகவரிக்கு மட்டும் வேறு விதமாய் எழுதினாள். குருநகர், பிலிப்பு எமில்ராஜ் என்று வந்தால் இரண்டு பேரையும் காட்டு. ஒரே பக்கத்தில், பக்கத்தில் பக்கத்தில். இடது பக்கம் பொத்தான் பூட்டிய கிழவர், வலது பக்கம் நீலச் சட்டை. சேமித்தாள். 2176ஐத் தட்டிப் பார்த்தாள். இருவருக்கும் காது ஒரே மாதிரி இருந்தது.

அடுத்த நாள் பதிவேட்டில் ஆறு ஒன்பதுக்கு ஒரு வரி: 2176. வந்தார், பார்த்தார். கால் மணி நேரம் நின்றார். எழுதவில்லை. அதற்குப் பிறகு அந்த வரியும் இல்லை.

கஜானன் ஒரு கிழமை கழித்துக் கண்டுபிடித்தான். "அக்கா, குருநகர் பக்கம் ஒண்டிலை ரெண்டு முகம் நிக்குது. என்ன இது, பிழையே?"

"பிழையில்லைத் தம்பி. குடும்பம் கேட்டது."

"குடும்பம் உங்களோடை கதைச்சதே?"

"ஓம், கதைச்சது" என்றாள் உதயகலா. குரல் கரகரத்தது.

பத்தாம் நாள் அவளால் முடியவில்லை. பிலிப்பின் நம்பரை எடுத்தாள். மூன்றாம் மணியில் தூக்கினார்கள். பின்னால் கலகலவென்று ஆட்களின் சத்தம்.

"ஹலோ, ஆர்?"

நானூறு கடிதத்துக்கும் இப்போதுதான் குரல் வந்தது. அவள் நினைத்ததை விடக் கனத்த குரல்.

"ஆர் பிள்ளை கதைக்கிறது? கேக்குதில்லை. டேய் சிமியோன், கடுதாசியை எட்டிப் பாக்காதை, கள்ளா! ... ஹலோ?"

"பிழையாய் அடிச்சிட்டன், ஐயா."

"அதுக்கென்ன பிள்ளை, பறவாயில்லை. வைக்கட்டே?"

"ஓம்" என்றாள். அவர் வைத்துவிட்டார். வைப்பதற்கு முன் அங்கே யாரோ சிரித்தது கேட்டது. அது பிலிப்பாகவும் இருக்கலாம். அவர் நன்றாயிருக்கட்டும் என்று அவள் மனதார நினைத்தாள். நினைத்துவிட்டு அழுதாள்.

நேரம் ஆறேகால். தேத்தண்ணியோடு மேசையில் வந்து இருந்தாள்; வேறு எங்கே இருப்பது என்று தெரியவில்லை. வெறுமனே 1840 என்று தட்டினாள். கேள்விக்குறி மறைந்து, சண்டிலிப்பாய், கந்தையா சண்முகநாதன் என்று அழகாய் வந்தது. அவள் கையாலேயே தட்டிய அறிவித்தல். அப்பாவின் படத்தைப் பார்த்தாள். கீழே இறங்கினாள். பெட்டி வெறுமையாய் இருந்தது. பெயர் என்ற இடத்தில் கலா என்று போட்டாள்.

"அப்பா, இண்டைக்கு ஓரா வாங்கினன். புளி கூடிப் போச்சு. காலமை மீன்காரனோடை கதைச்சது. இப்ப ஒருத்தரோடை கதைச்சனான், நம்பர் பிழை எண்டு சொல்லிப்போட்டன். வேறை ஒண்டுமில்லை. நாளைக்கு வாறன்."

அனுப்பினாள். நன்றி, உங்கள் செய்தி கிடைத்தது என்றது திரை.

அடுத்த கணமே மேல் மூலையில் விழுந்தது: புதியவை, 1. பாய்ந்து விழுந்து அதைத் திறந்தாள். திறந்த பிறகுதான் அனுப்பியவர் பெயரைப் பார்த்தாள்: கலா.